கல்பாலத்தில் ஒரு கல்யாணப் படம்

பாலத்தைப் பார்க்க வருகிற ஜனங்களில் நாரொமுக்குப் பிடித்தவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. கம்பொங் க்தெய் கல்பாலத்தின் கிழக்கு முனையில், ஒன்பது தலையையும் விரித்து நிற்கிற கல் நாகத்துக்குப் பக்கத்திலேயே, இருபத்திரண்டு வருஷமாக மூங்கில் குழாய்க்குள் சோறு சுட்டு விற்கிறாள். அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரன் வருவான். நாகத்தின் தலைகளை எண்ணுவான், எட்டுக்கு வந்ததும் குழம்பிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். தலைநகரத்துப் புனோம் பென்காரர்கள் வருவார்கள். காரை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார்கள். ஏதோ பாலத்தை இவள் பாதியில் நிறுத்திவிட்ட மாதிரி.

"மீதியை வீட்ல மடிச்சு வெச்சிருக்கேன். எடுத்துட்டு வரவா?" என்பாள் நாரொம்.

இன்றைக்கு வருகிறவளிடம் அப்படிச் சொல்ல முடியாது. வாயைத் திறக்கவே மாட்டேன் என்று விடியற்காலையில் மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயிற்று.

மகள் மாலிஸுக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மாப்பிள்ளை விரியாக், புனோம் பென் பையன், மருந்துப் படிப்பு படித்தவன். வெற்றிலைத் தட்டு மாற்றின அன்றைக்கு, சடங்கு நடத்துகிற அச்சாருக்கு முன்னால், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கேட்க, "நான் பொண்ணு வீட்டோட வந்துடறேன். இங்கேயே கடைத்தெருவுல மருந்துக்கடை போடறேன்" என்று அந்தப் பையன் வாயாலேயே சொன்னான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் இந்த ஊர் வழக்கம். நாரொமின் புருஷன் சுங் கூட அப்படி ஒரு தகரப்பெட்டியோடு வந்தவர்தான். இருபத்தேழு வருஷமாகிறது, இன்னும் அந்தப் பெட்டியில் பாதியைத்தான் பிரித்து வைத்திருக்கிறார், அவ்வளவு சுறுசுறுப்பு.

பதினைந்து நாளைக்கு முன்னால் பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கல்யாணம் முடிந்த கையோடு ஜோடி புனோம் பென்னுக்கு வந்துவிட வேண்டுமாம். பெண் வேலையை ராஜினாமா செய்துவிட வேண்டுமாம். அங்கே அவர்கள் கடைக் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லையாம்.

"கல்லாவுக்கு ஆள் வேணும்னா கதவுல அட்டை எழுதித் தொங்கவிடட்டும். அதுக்கு எதுக்குக் கல்யாணம், மேளம், பந்தல்?" என்று நாரொம் அன்றைக்கே குதித்தாள்.

"அவர் அம்மாகிட்ட பேசறேன்னு சொல்லியிருக்கார்மா."

"எப்போ பேசுவான்? பேரப்பிள்ளை பொறந்தப்புறமா?"

"பேசுவார். எனக்குத் தெரியும்."

மாலிஸ் கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை. குரல் இறங்கிக்கொண்டே போகும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை அந்தக் குரலாலேயே அடக்குகிறவள். இன்றைக்கு விடியற்காலையில், தலைக்குப் பூ வைத்து, வாடகைக்கு எடுத்த பொன்முலாம் கிரீடத்தை ஊசி ஊசியாகக் குத்திப் பொருத்திக்கொண்டிருந்தபோது, அதே இறங்கின குரலில்தான் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் நீ எதுவும் பேசக்கூடாது. கல்யாணப் படம் எடுத்து முடியட்டும். அவர் இன்னைக்கு அவங்ககிட்ட பேசிடறேன்னு சொல்லியிருக்கார். நீ நடுவுல வாய் விட்டுட்டா, அதையே சாக்கா வெச்சுப்பாங்க."

"நான் என்னடி பேசப்போறேன்?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினாள். நாக்கில் புண் வந்தாலும் பரவாயில்லை என்று பண்ணினாள்.

எட்டு மணி வாக்கில் வெள்ளை வேன் ஒன்று மேற்கு முனையில் வந்து நின்றது. எதிர்கொண்டு அழைக்க நாரொம் பாலத்தைத் தாண்டிப் போனாள். அதிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது. அப்புறம் ஒரு செருப்பு, விரல் நீளத்துக்கு ஊசிக் குதிகால். அதற்கப்புறம்தான் ஆள். விரியாக்கின் அம்மா கியாங். புருஷனுக்குப் போன வருஷம் 'ஓக்ஞா' என்று ஏதோ பட்டம் கிடைத்ததிலிருந்து, பெரிய மனிதர் வீட்டு அம்மாக்களைச் சொல்கிற மாதிரி எல்லோரும் தன்னைச் 'சும்தியாவ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. பட்டத்துக்கு முன்னால் அந்தக் குடும்பம் பழைய டயர் விற்றுக்கொண்டிருந்தது. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. நாரொம் மூங்கிலில் சோறு சுடுகிறாள், அவர்கள் டயர் விற்றார்கள். ஆனால் டயர் விற்றவள் விற்றவளாக இருக்க வேண்டும் அல்லவா?

டிரைவர் வேனைப் பாலத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு வரப் பார்த்தான். கியாங் விடவில்லை.

"வேண்டாம்ப்பா, வேண்டாம். பழங்கல்லு. பாதியில உட்கார்ந்துடுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

எண்ணூறு வருஷமாக யானையைத் தாங்கியிருக்கிறது, மாட்டுவண்டியைத் தாங்கியிருக்கிறது, சண்டைக்காலத்து லாரிகளை வரிசை வரிசையாகத் தாங்கியிருக்கிறது. இந்த மகராசியைத் தாங்காதாம்! நாரொம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தியம்.

கியாங் பாலத்தின் மேல் ஏறி நின்று, வழக்கம்போல ஒரு பார்வை பார்த்தாள். கீழே மார்கழி மாதத்து ஆறு ஒடுங்கிக் கிடந்தது. வளைவுக்கு வளைவு செம்புறாங்கல் தூண்கள் ஈரமாகத் தெரிந்தன.

"இவ்வளவுதானா?" என்றாள். "படத்துல பார்த்தப்போ பெரிசா இருந்துது. ஏன் நாரொம், இதுக்கு சிமெண்ட் பூசி ஒரு பெயிண்ட் அடிச்சா நல்லாயிருக்குமே. யாரும் சொல்லலையா?"

"அடிக்கலாம்" என்றாள் நாரொம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பையன் பின்னாலேயே இறங்கி வந்தான். ராஜா வேஷம். தங்க நிறச் சட்டை, பட்டு வேட்டியை முறுக்கிப் பின்னால் சொருகின கட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தான், அதை நாரொமால்கூட மறுக்க முடியவில்லை. "வணக்கம் அத்தை" என்று கைகூப்பினான். கும்பிட்ட கை இறங்குவதற்குள், "விரியாக், குடையை இப்படிப் பிடி, எனக்கு வெயில்" என்று அம்மா சொன்னாள். போய்க் குடையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணத்துக்கு நிற்கிற ராஜா, தாயாருக்குக் குடை பிடிக்கிறார். எடுப்பார் கைப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருக்கிறாள், ராஜா வேஷத்தில் இப்போதுதான் பார்க்கிறாள்.

படம் எடுப்பதற்கு முன்னால் கிழக்கு முனை நாகத்துக்கு ஊதுபத்தி வைக்க வேண்டும். பாலத்தின் மேல் எதை ஆரம்பித்தாலும் நாரொம் வீட்டில் அப்படித்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை நாகத்தின் அடியில் வைத்து, மூன்று பத்தி கொளுத்தி, மாலிஸும் தாயும் மண்டியிட்டார்கள். விரியாக் குடையை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து முட்டிபோடப் போனான்.

"பட்டு அழுக்காயிடும்டா" என்றாள் கியாங். "கல்லுக்கு வாழைப்பழம்! பாவம், கிராமத்து ஜனங்க. நீ நின்னுக்கிட்டே கும்பிடு, போதும்."

அவன் பாதி மடக்கின முட்டியோடு ஒரு கணம் அப்படியே இருந்தான். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அப்புறம் நிமிர்ந்து நின்று கும்பிட்டான். மாலிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

போட்டோக்காரன் ரித்தி, சியெம் ரீப்பிலிருந்து வந்தவன். வாரத்துக்கு நாலு ஜோடியை இதே பாலத்தில் நிறுத்துகிறவன். என்ன படம் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாலத்துக்கு வருகிற ஜோடி ஒவ்வொன்றும் அந்த ஒரு படத்துக்காகத்தான் வருகிறது. நாகராஜாவின் மகளைக் கட்டிக்கொண்ட வேற்று நாட்டு ராஜகுமாரன், தண்ணீருக்கு அடியில் இருக்கும் அவளுடைய ஊருக்குப் போக வழி தெரியாமல், அவள் தோளில் போட்டிருந்த தோள்பட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். அதனால்தான் இன்றைக்கும் கல்யாணத்தில் பெண் முன்னால் நடப்பாள், மாப்பிள்ளை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். நுனியை விட்டுவிட்டால் வழி தவறிவிடும் என்பார்கள். சுங் பிடித்த பிடியில் அன்றைக்கு நாரொமின் தோள்பட்டு கசங்கியே போயிற்று. சொரணை இல்லாத மனுஷன்தான், ஆனால் பிடித்ததை விடவில்லை.

"தங்கச்சி முன்னால வாங்க. மாப்பிள்ளை சார், நுனியைப் பிடிச்சுக்கங்க. ரெண்டு பேரும் மேற்கேயிருந்து மெதுவா நடந்து வரணும், சரியா? பின்னால ரெண்டு பக்கமும் நாகம் வரும், பிரமாதமா இருக்கும்" என்றான் ரித்தி.

மாலிஸ் முன்னால் நின்றாள். ரோஜா நிறத் தோள்பட்டு முதுகில் இறங்கி முழங்காலுக்குத் தொங்கியது. விரியாக் அதன் நுனியை இரண்டு விரலால் எடுத்தான்.

"இரு, இரு" என்றாள் கியாங். "இது என்ன கூத்து? என் பிள்ளை இவ பின்னால கன்னுக்குட்டி மாதிரி வரணுமா?"

"இதுதாங்க முறை, சும்தியாவ்" என்றான் ரித்தி.

"கல்யாண வீட்ல அச்சார் சொன்னா அது முறை. இது படம். இந்தப் படத்தைப் பெரிசா போட்டுக் கடையில மாட்டப்போறேன். வர்றவன் போறவன் எல்லாம் பார்ப்பான். ஓக்ஞா வீட்டுப் பிள்ளை பொண்டாட்டி பின்னால போறான்னு சொல்லுவான். விரியாக், நீ முன்னால வா. அவ உன் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

ரித்தி காமிராவை இறக்கினான். டிரைவர் ஆற்றைப் பார்த்தான். நாரொம் அடுப்புக்கு அந்தப் பக்கம் இடுக்கியோடு நின்றுகொண்டு, மருமகனாகப் போகிறவனைப் பார்த்தாள். சொல்லுடா. இப்போ சொல்லு. பேசறேன்னு சொன்னியே, இதைவிட நல்ல நேரம் உனக்கு எப்போடா வாய்க்கும்?

விரியாக் மாலிஸைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"படம்தானே மாலிஸ். ரெண்டு மாதிரியும் எடுத்துக்கலாம். முதல்ல அம்மா சொல்ற மாதிரி எடுத்துட்டா, அவங்களுக்கும் திருப்தியா இருக்கும்."

"அம்மாகிட்ட பேசிட்டீங்களா?" என்று மாலிஸ் கேட்டாள். குரல் அடிமட்டத்தில் இருந்தது.

"சாயங்காலம் பேசறேன். இப்போ மூடு சரியில்லை, பாக்கறே இல்ல?"

சாயங்காலமாம். சாயங்காலம் வந்தால் நாளைக்கு, நாளை வந்தால் கல்யாணம் முடியட்டும். நாரொம் கையிலிருந்த மூங்கிலைத் தணலில் திருப்பிப் போட்டாள். தணல் பொறி பறந்தது.

கியாங் சொன்ன மாதிரியே முதலில் எடுத்தார்கள். அவன் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். மாலிஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். ரித்தி நாலு தடவை அமுக்கினான். "அடடா! இப்போதான் ராஜா மாதிரி இருக்கான்" என்று கியாங் கை தட்டினாள்.

"இப்போ முறைப்படி ஒண்ணு" என்றாள் மாலிஸ்.

ரித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருவரையும் மறுபடி மேற்கு முனைக்கு அனுப்பினான். மாலிஸ் முன்னால். விரியாக் நுனியைப் பிடித்தான். இந்தத் தடவை முழுக் கையாலும் பிடித்தான் என்பதை நாரொம் கவனித்தாள். வரட்டும், வரட்டும், இந்த எண்பது தப்படி வந்துவிட்டால் போதும், இவனை மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நடந்தார்கள். முதல் வளைவு தாண்டி, நடுப்பாலத்துக்கு வந்தார்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்து கிரீடம் பளபளத்தது. பெற்றவள் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தாள் மாலிஸ்.

கியாங்கால் சும்மா நிற்க முடியுமா? அந்தப் படம் ஒழுங்காக வந்துவிடப் போகிறதே என்று, ஓரமாகவே குறுக்கே வந்தாள். நடுவில் செம்மண் மூடியிருந்தாலும் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கல் தெரிகிற இடம். ஊசிக் குதிகால் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள், கைப்பிடியாக நீண்டு கிடக்கும் நாகத்தின் உடம்பின் மேல் சாய்ந்து விழப்போய்ச் சமாளித்தாள்.

"ஐயோ, விரியாக்! என் காலு! இந்தப் பாழாப்போன பாலம்! விரியாக்!"

விரியாக் நுனியை விட்டுவிட்டு ஓடினான்.

கால் உடைந்திருந்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? நாரொமே ஓடியிருப்பாள். ஆனால் கால் உடையவில்லை. செருப்புத்தான் மாட்டியிருந்தது. காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்தால் தீர்ந்தது விஷயம். அந்த யோசனை தாய்க்கும் வரவில்லை, மருந்துப் படிப்பு படித்த பிள்ளைக்கும் வரவில்லை. அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அம்மாவின் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நாகத்துக்கு முன்னால் அழுக்காகிவிடும் என்று காப்பாற்றின பட்டு வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண்ணில் கிடந்தது.

மாலிஸ் நிற்கவில்லை. நுனி அவன் கையிலிருந்து நழுவினது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, தோளில் கனம் மாறியிருக்கும். ஆனாலும் அதே மெதுவான நடையில், நேராகப் பார்த்தபடி, கிழக்கு முனை வரைக்கும் நடந்தே வந்தாள். தோள்பட்டு பின்னால் புழுதியில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"தங்கச்சி... மாப்பிள்ளை பின்னால இல்லையே" என்றான் ரித்தி.

"தெரியும்ண்ணா. நீங்க எடுங்க."

ரித்தி ஒன்றே ஒன்று எடுத்தான்.

நாகத்துக்குப் பக்கத்தில் வந்துதான் நின்றாள். நின்று திரும்பினாள். அதற்குள் குதிகால் முறிந்து செருப்பு கைக்கு வந்துவிட்டது. விரியாக் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"மாலிஸ், சாரி, சாரி. வா, மறுபடி எடுத்துடலாம். அம்மாவுக்குக் கால்ல லேசா வலி..."

மாலிஸ் குனிந்து தோள்பட்டின் நுனியை எடுத்தாள். புழுதியைத் தட்டினாள். அதை அவன் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க."

"இப்போவா? இங்கேயா?"

"வீடு இந்தப் பக்கம்தான். நடந்து போற தூரம். பிடிச்சுக்கிட்டு வாங்க, வேஷத்தோடவே வாங்க. அப்பா இருக்கார். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, அங்கேயிருந்தே போன் பண்ணி உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க, நீங்க இங்கேதான் இருக்கப்போறீங்கன்னு. வெத்தலை மாத்தினன்னைக்குச் சொன்னதுதானே. புதுசா ஒண்ணும் நான் கேக்கலை."

அவன் கை நீண்டது. அதை நாரொம் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நுனிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

"விரியாக்!" நடுப்பாலத்திலிருந்து குரல் வந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், கையில் முறிந்த செருப்பு. "வெயில்ல நிக்க வெச்சுட்டு அங்கே என்னடா பேச்சு? வேனுக்குக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போ!"

அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி மாலிஸைப் பார்த்தான்.

"ஒரே நிமிஷம், மாலிஸ். அம்மாவை வண்டியில ஏத்திட்டு ஓடி வந்துடறேன். ஒரே ஒரு நிமிஷம்."

போனான். தாயைக் கைத்தாங்கலாகப் பிடித்து, குடையை வாங்கித் தலைக்குமேல் பிடித்து, ராஜா வேஷத்தோடு பாலத்தின் மேல் மேற்கே நடந்து போனான். மாலிஸ் நுனியை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். வேன் கதவு திறந்தது. கியாங் ஏறினாள். அவனும் ஏறினான். கதவு உடனே மூடவில்லை. உள்ளே ஏதோ பேச்சு நடந்திருக்க வேண்டும். அப்புறம் மூடியது. வேன் பின்னுக்கு வந்து, வளைந்து, நெடுஞ்சாலையில் ஏறிப் போய்விட்டது.

ரித்தி காமிராவைப் பைக்குள் வைத்தான். "நான் அப்புறமா போன் பண்றேங்க்கா" என்று நாரொமிடம் முணுமுணுத்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

மாலிஸ் நீட்டின நுனியை இழுத்துத் தோளைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். கடைக்குள் வந்து, சோறு வாங்குகிறவர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிரீடத்தின் உச்சி கூரைத் தார்ப்பாயில் இடித்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். ஊரே கடைத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

"அம்மா."

"ம்."

"இப்போ நீ பேசலாம்."

நாரொமிடம் வார்த்தைக்கா பஞ்சம்? காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். குடையைப் பற்றி, பெயிண்டைப் பற்றி, பட்டத்தைப் பற்றி, செருப்பைக் கும்பிட்டவனைப் பற்றி. நான் அப்பவே சொன்னேனே என்பதும் நாக்கின் நுனியிலேயே இருந்தது. வாயைத் திறந்தாள். மடியில் கிடந்த மகளின் கைகளைப் பார்த்தாள். புழுதி படிந்த தோள்பட்டு நுனியை விரல் பத்தும் இறுக்கிப் பிடித்திருந்தன.

நாரொம் வாயை மூடிக்கொண்டாள். தணலிலிருந்து நல்லதாக ஒரு மூங்கிலை எடுத்து, பட்டையை உரித்து, பாதியாகப் பிளந்து மகளின் கையில் வைத்தாள்.

"சூடா இருக்கு. ஊதிச் சாப்பிடு" என்றாள்.